பின்கழுத்தில்

அழைப்பிதழில் உன் பெயரை எங்கே போடுவது என்று
இரணியல் அச்சகத்தில் அரைமணி நேரம் நின்றோம்
நானும் உன் அப்பாவும்.
'மழலைகள்'னு கீழே ஒரு பத்தி இருக்கு, அதுல போடலாமே
என்றான் கம்ப்யூட்டர் பையன்.
உனக்குப் பதின்மூன்று நடக்கிறது, ஆதிரா.
மழலை என்று பார்த்திருந்தால் அட்டையைக் கிழித்திருப்பாய்.
கடைசியில் மணமகனுக்கு நேர் கீழே
அடைமொழி எதுவும் இல்லாமல் உன் பெயர்.
பக்கத்தில், இடம் போதாமல், கொஞ்சம் சின்ன எழுத்தில்
என் ஷிபின்.

குமாரகோவில் படிக்கட்டில் அன்றைக்கு
வேளிமலை பாதிக்கு மேல் இல்லை. மேகம் தின்றிருந்தது.
முந்தின முகூர்த்தக்காரர்கள் இறங்கிக்கொண்டிருக்க
நம் தோவாளை மாலை
வாழையிலைப் பொதிக்குள் வேர்த்துக் கிடந்தது.
அப்போதுதான் அந்தப் பேச்சு:
"கடைசி முடிச்சு யாரு போடுகது?"

உன் அத்தைக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை.
யாரோ ஒரு தம்பியின் கையில் போனுக்குள் இருந்தாள்,
நெற்றி மட்டும் தெரிய.
திருவட்டாறு சித்தி தன் மகளை முன்னால் தள்ளினாள்.

"நான் கெட்டுகேன்" என்றாய்.
யாரையும் பார்க்காமல், வளையலைத் திருகிக்கொண்டு.

"அப்பனுக்க கல்யாணத்துல மகளா?"
"அது ஆகாது பிள்ளே."
ஆகுமா ஆகாதா என்று
பதினோரு பேர் சேர்ந்து மூன்று கட்சி ஆனார்கள்.
போற்றி வாட்சைப் பார்த்தார்.
"யாராவது கெட்டுங்கோ, அடுத்த பார்ட்டி நிக்குது."

ஷிபினுக்குக் கொடுத்தது சின்ன வேலை.
தாலித்தட்டைச் சொந்தக்காரர் எல்லாரிடமும் கொண்டுபோய்
தொட்டு வாங்கி வர வேண்டும்.
சொந்தம் எந்தத் தூணோடு முடிகிறது என்று
ஆறு வயதுக்காரனிடம் யாரும் சொல்லவில்லை.
சித்தப்பா, பெரியம்மா வரிசை தீர்ந்ததும்
தவில்காரரிடம் போனான்.
கூடு மாட்டிய விரலால் தொட்டார்.
வீடியோக்காரன் ஒரு கண்ணை மூடியபடியே தொட்டான்.
அடுத்த கல்யாணத்து மாப்பிள்ளையும் தொட்டார்,
பாவம், தன்னுடையது என்று நினைத்து.
அப்புறம் செருப்புக் குவியல் பக்கம் நடந்தான்.

அங்கே இரண்டு பேர்.
உன் அம்மாவின் அண்ணன்மார்.
அவள் போய் நாலு வருஷம்.
அட்டை கொடுத்தோம், வருவார்கள் என்று நினைக்கவில்லை,
வந்தவர்கள் உள்ளே வரவில்லை.
தட்டை நீட்டிக்கொண்டு நின்றான்.
மஞ்சள் கயிற்றின் மேல் ஒற்றைப் பிச்சிப்பூ.
மூத்தவர் வேட்டியில் கையைத் துடைத்தார்,
மறுபடி துடைத்தார்.
தொட்டார்.
திரும்பும்போது
அவர் சுண்டுவிரலையும் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தான்.
தட்டு சாய்ந்தது. யாரோ ஐயோ என்றார்கள்.

பிறகு யாரும் எதுவும் பேசவில்லை.
அல்லது மேளத்தில் எனக்குக் கேட்கவில்லை.

எனக்கு இது இரண்டாவது தாலி.
முதலாவதை விற்றுத்தான் அந்த ஸ்கூட்டர்.
அதனால் அழ மாட்டேன் என்று நினைத்திருந்தேன்.

உன் அப்பா இரண்டு முடிச்சு போட்டார், கை நடுங்க.
மூன்றாவதற்கு என் பின்னால் நீ.
ஜடையை ஒதுக்கினாய். விரல் சில்லென்று இருந்தது.
உன் மூச்சு கழுத்தில் வந்து வந்து நின்றது.
இதுவரை என்னை நீ எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
'இங்க பாருங்க', அவ்வளவுதான்.
அன்றும் கூப்பிடவில்லை.
"இறுக்கமா இருக்கா?"
இல்லை என்றேன்.
இன்னொரு சுற்று இழுத்தாய்.

பந்தியில் இரண்டு மாமன்மாருக்கும் நடுவில்
போளியைப் பாயசத்தில் பிசைந்துகொண்டு
எதற்கோ சிரித்தாய்.
மாலைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தேன், எதற்கென்று தெரியவில்லை.

இரவு தலை துவட்டும்போதுதான் தெரிந்தது.
முடிச்சுக்குள் என் முடி நாலைந்து சிக்கியிருக்கிறது.
திரும்பினால் சுருக்கென்கிறது.
கத்தரிக்கோல் மேசையில்தான் இருக்கிறது.
நாளைக்கு உன்னிடம் எடுத்துவிடச் சொல்லலாம்.
சொல்லாமலும் இருக்கலாம்.